கிரிவலமும் கரண்டும்

திண்டிவனத்தைத் தாண்டி, செஞ்சிக் கோட்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டே மேற்கே போகிறீர்கள். கோட்டைக் குன்றுகள் பின்னுக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஆனதும் வானத்தின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு முக்கோணம் எட்டிப் பார்க்கிறது. பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அண்ணாமலை வந்துவிட்டது!

மலையின் உயரம் 2,668 அடி. அதன் காலடியில் அருணாசலேசுவரர் கோயில். கிழக்கே பதினோரு நிலைகளுடன் 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம். காஞ்சியில் மண், திருவானைக்காவில் நீர், காளத்தியில் காற்று, சிதம்பரத்தில் ஆகாயம், இங்கே அக்கினி. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சமாசாரம்தான். ஆனால் இந்த அக்கினித் தலத்தில் பஞ்ச பூதங்களில் சேராத ஆறாவது பூதம் ஒன்றும் குடியேறியிருக்கிறது. பௌர்ணமி இரவில் போய்ப் பாருங்கள். சீரியல் பல்புகளில் அது சிரிக்கிறது, ஒலிபெருக்கிகளில் அலறுகிறது, பந்தல்களுக்குப் பின்னால் டீசல் புகையோடு உறுமுகிறது. அதற்குக் கரண்ட் என்று பெயர்.

அந்தப் பூதத்தைப் பற்றி இப்போது எதற்குப் பேச்சு என்கிறீர்களா? உங்கள் வீட்டிலேயோ அடுத்த வீட்டிலேயோ, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர் இருக்கக் கூடும். வருஷா வருஷம் கிரிவலம் போனவர் அவர். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் ஒரே தடை உத்தரவு. "அங்கே ஏகப்பட்ட கரண்ட் சாமான், மெட்டல் டிடெக்டர் வேறு வைத்திருக்கிறார்களாம். நெஞ்சில் இருக்கிற மிஷின் நின்றுபோனால் என்ன செய்வது?" என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்.

அந்தப் பெருமூச்சுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாரானால், அவர் தாராளமாகக் கிரிவலம் வரலாம். பயம் வேண்டாம், சில இடங்களில் ஜாக்கிரதை வேண்டும். அவை எந்தெந்த இடங்கள் என்று மலையைச் சுற்றிக்கொண்டே பார்ப்போம், வாருங்கள்.

புறப்படுமுன் அந்த மிஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் இருதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிறது. துடிப்பைத் தொடங்கி வைப்பது இருதயத்திலேயே ஊறும் சொற்ப மின்சாரம். அது தடுமாறினால் துடிப்பு மந்தமாகிறது, தலை சுற்றுகிறது, ஆள் மயங்கி விழுகிறார். பேஸ்மேக்கர் என்பது பாக்கெட் கடிகாரம் அளவில் ஒரு டைட்டானியப் பெட்டி. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் போகிறது. இருதயம் தாளம் தவறினால் பெட்டி தட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

ஆதியில் இந்தக் கருவி சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டது. ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரந்தான் நோயாளியின் உலகம். 1957 அக்டோபர் 31-ந் தேதி அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் கரண்ட் நின்றுபோய், ஒரு குழந்தையின் உயிரும் போயிற்று. மனம் பொறாத டாக்டர் லில்லஹை, எர்ல் பாக்கன் என்ற மின்சார வல்லுநரிடம் பாட்டரியில் ஓடும் கருவி ஒன்று கேட்டார். பாக்கன் நாலு வாரத்தில் செய்து கொடுத்தார். எதைப் பார்த்துச் செய்தார் தெரியுமா? சங்கீதம் பழகுகிறவர்களுக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் மின்சாரப் படம் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்திருந்தார். அதைத்தான் இருதயத்துக்குத் தாளம் போடும்படி மாற்றினார்!

மறு வருஷம், 1958 அக்டோபர் 8-ந் தேதி, ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதல் முதலாக உடம்புக்குள்ளேயே பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரந்தான் ஓடிற்று. ஆனால் லார்சன் ஓயவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக 26 கருவிகளைத் தேய்த்துவிட்டு, அதைச் செய்த இஞ்சினீயரும் வைத்த டாக்டரும் காலமான பிறகும் இருந்து, 2001-ல் 86-வது வயதில்தான் கண்ணை மூடினார்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். ஆரம்ப காலக் கருவிகளுக்குக் காது கிடையாது. இருதயம் துடித்தாலும் துடிக்காவிட்டாலும் தம் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். 1960-களின் நடுவில்தான் இருதயத்தைக் கேட்டுப் பார்த்து, அது சும்மா இருந்தால் மட்டும் தட்டுகிற புத்திசாலிக் கருவி வந்தது. காது வந்தது, கூடவே தப்பாகக் கேட்கிற ஆபத்தும் வந்தது! இருதயத்தின் சமிக்ஞை எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு. நம் வீட்டுக் கரண்டோ 230 வோல்ட். விநாடிக்கு 50 தடவை அதிர்கிறது. கல்யாணப் பந்தலில் மேளம் கொட்டும்போது காதோடு ரகசியம் சொல்லுகிற கதைதான். வெளி அதிர்வை இருதயத் துடிப்பு என்று எண்ணிக் கருவி வாளாவிருந்துவிடலாம்.

இதற்கெல்லாம் பரிகாரம் செய்திருக்கிறார்கள். டைட்டானியப் பெட்டியே ஒரு கவசம். வேண்டாத சத்தத்தை வடிகட்டும் ஏற்பாடு உள்ளே உண்டு. இரைச்சல் மிஞ்சிப்போனால், பல கருவிகள் காதைப் பொத்திக்கொண்டு பழைய காலத்துக் கருவிபோல ஒரே தாளத்தில் தட்ட ஆரம்பித்துவிடும். இரைச்சலை விட்டு விலகினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகையால் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே: தள்ளி நிற்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. இந்த இரண்டையும் மடியில் முடிந்துகொண்டு ராஜகோபுரத்துக்குப் போவோம்.

வாசலிலேயே முதல் சோதனை. விசேஷ நாட்களில் மரச் சட்டம் இல்லாத வாசற்படி மாதிரி மெட்டல் டிடெக்டர் நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அதற்குள் நுழைந்ததும் அது 'கீக் கீக்' என்றது. காவலுக்கு நின்ற இளைஞர், "ஐயா, பையிலே என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பையிலே ஒண்ணுமில்லே, தம்பி. நெஞ்சிலேதான் இருக்கு!" என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் கொடுத்த கார்டை வாத்தியார் எடுத்துக் காட்டினார். இளைஞர் சிரித்துக்கொண்டே கையாலேயே தடவிப் பார்த்து உள்ளே விட்டுவிட்டார்.

அதுதான் முறை. அந்த வாசலை எல்லோரையும்போல் சாதாரணமாக நடந்து கடந்தால் ஒன்றும் ஆகாது. அதற்குள்ளேயே நின்றுகொண்டு பின்னால் வருகிறவரைக் கூப்பிடுவதும், சட்டத்தில் சாய்ந்துகொண்டு செருப்பைத் தேடுவதும் கூடாது. கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். பெரிய கடைகளின் வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் கம்பங்களுக்கும் இதே விதிதான்.

சுவாமி தரிசனம் ஆயிற்று. இந்திர லிங்கத்தைக் கும்பிட்டு நடக்கத் தொடங்குகிறோம். மொத்தம் 14 கிலோ மீட்டர். மலை எப்போதும் நமக்கு வலப்புறம். மலையோரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு, பாதையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும் என்பது பெரியோர் வழக்கம்.

அக்கினி லிங்கம் வருவதற்குள் செல்போன் மணி அடிக்கிறது. "எங்கே இருக்கீங்க? கால் வலிக்கிறதா?" என்று வீட்டிலிருந்து விசாரணை. நம் ஊர் தையற்காரர்கள் சட்டைப் பையை எந்தப் பக்கம் வைக்கிறார்கள்? இடப்பக்கம். டாக்டர்கள் பேஸ்மேக்கரை எங்கே வைக்கிறார்கள்? அதுவும் இடப்பக்கம். நல்ல பொருத்தந்தான்! செல்போனை இடுப்பிலோ, தோளில் தொங்கும் துணிப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது வலது காதில் வைத்துப் பேசுங்கள். நெஞ்சுக்கும் போனுக்கும் அரை அடி இடைவெளி இருந்தால் போதும். பெண்மணிகள் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

சில புதுப் போன்களின் முதுகில் காந்தம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. பேஸ்மேக்கர் மீது காந்தம் வைத்தால் அது இருதயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே தாளத்தில் தட்டும். டாக்டர்களே சோதனைக்கு இப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஐ.சி.டி. என்று ஒரு அண்ணன் கருவி இருக்கிறது. இருதயம் தாறுமாறாக ஓடும்போது ஷாக் கொடுத்து உயிரைக் காப்பது அதன் வேலை. காந்தம் மேலே இருக்கும் வரையில் அது தன் வேலையைச் செய்யாமல் சும்மா இருந்துவிடும். 2021-ல் அமெரிக்க டாக்டர்கள் ஐபோன் 12-ஐ ஒருவருடைய நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தபோது அப்படித்தான் ஆயிற்று. போனை எடுத்ததும் கருவி விழித்துக்கொண்டது.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைக் கடந்து யம லிங்கத்தின் பக்கம் போகிறோம். பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி வழியெங்கும் கடைகள். இது மாதிரி இடங்களில் ருத்திராட்சத்துக்குப் பக்கத்திலேயே காந்தச் சங்கிலியும் காந்த வளையலும் விற்பார்கள். "ரத்த ஓட்டத்துக்கு நல்லது, சார்!" என்று கழுத்தில் மாட்டிவிட வருவார்கள். கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். பாதத்தை வைத்தால் சுருசுருவென்று உடம்பில் கரண்ட் ஏற்றும் பலகையிலும் டாக்டரைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள். தொண்டர் என்று நெஞ்சில் சின்னம் குத்தினால், காந்தத்தில் ஒட்டுவதா, ஊசியில் குத்துவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காந்தப் பித்தான் வைத்த கைப்பையையும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டாம். ருத்திராட்சத்தை எத்தனை மாலை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஒரு தொந்தரவும் இல்லை!

நிருதி லிங்கத்தைத் தாண்டினால் பாதை திரும்புகிறது. வழியில் அன்னதானப் பந்தல். சாம்பார் சாதத்தின் வாசனை மூக்கைத் துளைக்கிறது. தொன்னையை வாங்கிக்கொண்டு எங்கே உட்காருகிறீர்கள் என்பதுதான் விஷயம். ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பெரிய காந்தம் உட்கார்ந்திருக்கிறது. அதில் சாய வேண்டாம். பந்தலுக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரின் மேல் குனிந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பத்தடி தள்ளி உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிடுங்கள். மின்சாரத்தின் செல்வாக்கு தூரத்தோடு மளமளவென்று குறைந்துபோகும். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நிற்பது நல்லது என்பதும் இந்தக் கணக்கில்தான். வெல்டிங் பட்டறைப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

வருண லிங்கம், அடி அண்ணாமலை, வாயு லிங்கம். தலைக்கு மேலே மின்சாரக் கம்பிகள் போகின்றன. அவற்றுக்குக் கீழே நடந்து போவதால் கெடுதல் இல்லை. பாதை விளக்கும் கண்காணிப்புக் காமிராவும் ஒன்றும் செய்யா. கால் ஓய்ந்து போனால் பாட்டரியில் ஓடும் வண்டியில் ஏறலாமா? ஏறலாம். ஜெர்மனியில் கருவி வைத்துக்கொண்ட 108 பேரை மின்சாரக் கார்களில் உட்கார வைத்துப் பரிசோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் கருவி தடுமாறவில்லை.

அப்படியானால் உண்மையான பயம் எது? ஈரமும் ஒயரும் சேருகிற இடம்! கார்த்திகை மாதம் மழைக்காலம். கிரிவலம் வெறுங்காலோடு வருவது. கடைக்காரர் டேப் சுற்றிய ஒயரைச் சேற்றில் போட்டிருப்பார். தங்குகிற இடத்தில் குழாயைத் தொட்டால் விரல் நுனியில் லேசாக 'சுர்' என்கும். எர்த் சரியாக இல்லாத மோட்டாரோ கீசரோ கரண்டைக் கசியவிடுகிறது என்று அர்த்தம். மற்றவர்கள், "கொஞ்சம் ஷாக் அடிக்கிறது" என்று கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். பேஸ்மேக்கருக்கு அது இருதயத் துடிப்பாகக் கேட்கலாம். ஐ.சி.டி.க்கோ, 'இருதயம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது' என்று தோன்றி, காரணமில்லாமல் ஷாக் கொடுத்துவிடலாம். நீச்சல் குளத்திலும் துணி துவைக்கும் மிஷின் பக்கத்திலும் இப்படிக் கசிந்த கரண்டால் ஐ.சி.டி. ஷாக் அடித்த சம்பவங்கள் வைத்திய சஞ்சிகைகளில் பதிவாகியிருக்கின்றன.

கசியும் கரண்ட் ஆரோக்கியமானவர்களையும் விடுவதில்லை. 2022 ஏப்ரல் 27-ந் தேதி விடியற்காலையில் தஞ்சைக்குப் பக்கத்தில் களிமேட்டில் தேரின் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் உராய்ந்து, குழந்தைகள் உட்பட 11 பேர் மாண்டதை மறக்க முடியுமா? தேர் வருகிற வீதிகளில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்போது, "புழுக்கம் தாங்கவில்லை" என்று முணுமுணுக்கிறோமே, அந்த ஒரு மணிப் புழுக்கம் எத்தனை உயிர்களின் விலை! விழாக் கடை போடுகிறவர்கள் நல்ல ஒயரும், கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சும் போட்டுவிட்டால், பேஸ்மேக்கர்காரருக்கு மட்டுமல்ல, பலூன் வாங்க ஓடும் குழந்தைக்கும் அதுவே பாதுகாப்பு.

இந்த இடத்தில் வாத்தியாரின் மனைவி கேட்ட கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். வீதியில் விளக்கெல்லாம் பொட்டென்று அணைந்ததும் அந்த அம்மாள் பதறிப்போய், "என்னங்க, கரண்டை நிறுத்திட்டாங்களே, உங்களுது ஓடுதா?" என்றார். வாத்தியார் கையை நீட்டி, "நாடியைப் பிடிச்சுப் பாரேன்!" என்றார். நீங்களும் கவலைப்பட வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் தனிப் பாட்டரி இருக்கிறது. சாதாரணமாக எட்டுப் பத்து வருஷத்துக்குக் குறையாமல் வரும்.

குபேர லிங்கத்துக்கு அப்பால் இடுக்குப் பிள்ளையார் வருகிறார். குறுகலான துவாரத்தில் உடம்பை நுழைத்து நெளிந்து வெளியே வருவது அங்கே வழக்கம். இங்கே கரண்ட் இல்லை, கல்தான் இருக்கிறது. ஆனால் கருவி வைத்துச் சில வாரங்களே ஆனவர்கள் இந்த வித்தையில் இறங்க வேண்டாம். கம்பி இருதயத்தில் நன்றாகப் பற்றிக்கொள்ளும் வரையில் இடக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளையார் வெளியே நின்று கும்பிட்டாலும் ஏற்றுக்கொள்கிறவர்தானே!

ஈசானிய லிங்கத்துப் பக்கம் மயானத்தின் நினைவு வருகிறது. சொல்லத் தயக்கமாக இருந்தாலும், வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம் ஒன்று உண்டு. கருவியோடு ஒருவர் காலமானால், தகனத்துக்கு முன்பு டாக்டரைக் கொண்டு அதை எடுத்துவிட வேண்டும். தீயில் பாட்டரி வெடிக்கும். உயிரோடு இருக்கும் வரையில் தீயால் அதற்கு இடைஞ்சல் இல்லை. கற்பூரமோ, ஹோமமோ, மலை உச்சியில் எரிகிற மகா தீபமோ அதன் தாளத்தைக் கலைப்பதில்லை. மாலை ஆறு மணிக்கு அந்தத் தீபம் தெரிந்ததும் ஜனங்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்து "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று முழங்குவார்களே, அப்போது புதிதாய்க் கருவி வைத்துக்கொண்டவர் மட்டும் நெஞ்சுக்கு நேராகக் கை குவித்தால் போதும்.

ஆகவே, அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை. பிறகு ஆஸ்பத்திரிக் கார்டு, மாத்திரை, ஒரு துணைப் பிள்ளை. வழியில் எங்காவது தலை சுற்றினாலோ, படபடத்தாலோ, அந்தக் கரண்ட் சாமானை விட்டு முதலில் நகரச் சொல்லுங்கள். தெளியாவிட்டால் உட்கார வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். ஐ.சி.டி. ஒரு தடவை ஷாக் அடித்து ஆள் நன்றாக இருந்தால் டாக்டருக்குத் தெரிவியுங்கள். மறுபடியும் அடித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

மற்றபடி அவர் எத்தனையோ வருஷம் நடந்த பாதை அது. எந்தத் திருப்பத்தில் மலை எப்படித் தெரியும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால் நடந்து போங்கள்.